நடுவில் வைத்த எண்

என் மனைவியும் என் தங்கையும் ஒத்துப்போன விஷயம் என்று கல்யாணமான நாளிலிருந்து ஒன்றைக்கூட என்னால் எடுத்துக்காட்ட முடியாது. மின்விசிறியை மூன்றில் வைப்பதா நான்கில் வைப்பதா என்பதில் தொடங்கி, தலையணை உறையின் வாய் சுவர்ப் பக்கம் இருக்க வேண்டுமா கதவுப் பக்கம் இருக்க வேண்டுமா என்பது வரை எல்லாவற்றிலும் எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள். நான் எதிலும் சேராமல் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பா மட்டும் கட்சி மாறிக்கொண்டே இருப்பார். யார் டீ கொண்டுவந்து வைக்கிறார்களோ அவர்கள் பக்கம் பேசுவார்.

அப்படிப்பட்ட இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் மேஜைமேல் ஒத்துப்போயிருந்தார்கள். அதுவும் தசமப் புள்ளி சுத்தமாக. இவள் அனுப்பிய தாளில் ஒன்று புள்ளி ஏழு. அவள் அனுப்பிய தாளிலும் ஒன்று புள்ளி ஏழு. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஏழு ஏழாகவேதான் இருந்தது.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, மெஷினில் போட்டு, ஒரு எண்ணை அச்சடித்துக் கையில் கொடுக்கிறார்களே, அந்த எண் உண்மையா என்று பார்க்கிற அலுவலர் நான். இந்த நாற்காலிக்கு நான் வந்தபோது எங்கள் வட்டாரத்தில் அப்படிப் பார்க்க ஆளே கிடையாது. ஒவ்வொரு ஆய்வகமும் ஒரு தனி ராஜ்ஜியம். ஒரே ஆளின் ரத்தம் பஸ் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கம் ஒரு எண்ணும் அந்தப் பக்கம் வேறொரு எண்ணும் காட்டும். டாக்டர்கள் தங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார்கள். குளிர்பதனப் பெட்டிக்குள் ஒரு வெப்பமானி வையுங்கள் என்றதற்கே என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். அதற்குள்ளிருந்த சாப்பாட்டு டப்பாக்களை வெளியே எடுக்கச் சொன்ன அன்றைக்கு எனக்கு டீ தரவில்லை. நான் விட்டேனா? காலையில் நோயாளியின் ரத்தத்தைத் தொடுவதற்கு முன்னால், அளவு தெரிந்த ஒரு திரவத்தை மெஷினில் போட்டுப் பாருங்கள், அது சரியாக வந்தால் மட்டும் நோயாளிகளுக்கு ஜன்னலைத் திறவுங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றுகிறவரை சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். அந்தத் திரவத்துக்கு கன்ட்ரோல் என்று பெயர். இன்றைக்கு எங்கள் வட்டாரத்தில் கன்ட்ரோல் போடாமல் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அதற்கு மேல் ஒரு பரீட்சையும் வைத்தோம். தலைமை ஆய்வகத்திலிருந்து சின்னச் சின்ன சீசாக்கள் வரும். உள்ளே இருப்பது எவ்வளவு என்று கடைசிவரை எனக்கே சொல்ல மாட்டார்கள். ஆய்வகங்கள் அதைச் சாதாரண நோயாளியின் ரத்தம்போலவே சோதித்து எண்ணை எழுதி அனுப்ப வேண்டும். இந்தச் சாதாரணமாக என்பதுதான் யாருக்கும் வராது. சீசா வந்துவிட்டால் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்த கதைதான். மெஷினைத் துடைத்து வைப்பார்கள். இருப்பதிலேயே மூத்த டெக்னீஷியன் கையைக் கழுவிக்கொண்டு வந்து நிற்பார். ஒருமுறைக்கு மூன்றுமுறை போட்டுப் பார்ப்பார்கள். தெருமுனையில் என் தலை தெரிந்தாலே "சீசாக்காரர் வந்துட்டார்" என்று உள்ளே குரல் போகும்.

இதில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்குப் பொறுப்பு என் மனைவி. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்குப் பொறுப்பு என் தங்கை. இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் விடையைக் கறக்கப் பார்த்தவர்கள்தான். எனக்கே தெரியாது என்றால் நம்புகிற முகமா அதெல்லாம்? ஒவ்வொரு சீசா வரும்போதும் இரண்டு நாளைக்கு வீட்டில் எனக்குப் பேச்சுத் துணை இருக்காது.

இந்த முறை பார்க்கச் சொன்னது கிரியாட்டினின். சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சொல்கிற எண் அது. ஏற ஏறக் கவலை. சீசாவில் இருந்த சரியான அளவு இரண்டு என்று தலைமை ஆய்வகம் அன்றைக்குத்தான் தெரிவித்திருந்தது. மற்ற ஆய்வகங்கள் எல்லாம் இரண்டை ஒட்டியே எழுதியிருந்தன. என் வீட்டுப் பெண்கள் மட்டும் ஜோடியாக ஒன்று புள்ளி ஏழில் நின்றார்கள்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. சரி, ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி காப்பியடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். தப்பு தங்கையுடையதாகத்தான் இருக்கும் என்று மனசுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டேன். அவளுடைய மெஷின் கிழடு. மாதத்தில் பாதி நாள் முனகிக்கொண்டிருக்கும். மனைவியின் ஆய்வகமோ எங்கள் வட்டாரத்துக்கே முன்மாதிரி. வெளியாட்கள் யார் வந்தாலும் நான் அங்கேதான் அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவேன். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. எங்கள் அப்பாவின் ரத்தத்தை மாதாமாதம் பார்ப்பது அவளுடைய ஆய்வகம்தான். அது தப்பாக இருக்கக்கூடும் என்று நினைக்க என் மனசு இடம் கொடுக்கவில்லை.

அப்பா பஸ் ஓட்டியவர். கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துபோனது. அதற்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். சாப்பிட்டால் கடைத்தெரு வரை நடந்து போய், பழைய டிரைவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசிவிட்டு வருவார். சாப்பிடாவிட்டால் நாற்காலியோடு சரி. ஆனால் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கிற மாத்திரை. மாதம் ஒருமுறை கிரியாட்டினின் பார்க்க வேண்டும், எண் ஒழுங்காக இருக்கிறவரைக்கும் சாப்பிடலாம், ஏறிவிட்டால் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எண் ஒன்று புள்ளி இரண்டைத் தாண்டியதே இல்லை. "என் கிட்னி இன்னும் புது வண்டிதான்டா" என்று அப்பா பெஞ்சு நண்பர்களிடம் பீற்றிக்கொள்வார்.

தங்கை ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவைப் பார்க்க வந்துவிடுவாள். மறுநாளும் வந்தாள். சாப்பாடு முடிந்து அப்பா முன்னறையில் சாய்ந்திருந்தார். உள்ளறையில் துவைத்துக் காய்ந்த துணி மலைபோல் கிடந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு போர்வையை மூன்றாக மடிப்பதா நான்காக மடிப்பதா என்று பேச்சு சூடாகிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அந்த இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"ரெண்டு பேருக்கும் வாழ்த்துகள்" என்றேன்.

"எதுக்காம்?" என்றாள் குட்டி. தங்கைக்கு வீட்டில் அதுதான் பெயர். தலையில் நரை வந்த பிறகும் குட்டிதான்.

"கடைசில ஒரு விஷயத்துல ஒத்துப்போயிட்டீங்களே, அதுக்கு."

இருவரும் தாளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு போர்வையைப் பார்த்தார்கள்.

"ரெண்டு மெஷினும் நல்லா இருந்தா ஒரே எண் வரும். இதுல என்னங்க அதிசயம்?" என்றாள் என் மனைவி.

"ரெண்டு மெஷினும் நல்லா இருந்தா ரெண்டுன்னு வந்திருக்கணும். சீசாவுல இருந்தது ரெண்டு. ஒண்ணு புள்ளி ஏழு எங்கேர்ந்து வந்துச்சு?"

குட்டி உதட்டைக் கடித்துக்கொண்டாள். திருட்டு முழி என்றால் அப்படி ஒரு திருட்டு முழி.

"போன் பண்ணிக் கேட்டுக்கிட்டீங்களா?"

"போன் எதுக்கு? அன்னிக்கும் இங்கதான துணி மடிச்சுக்கிட்டு இருந்தோம்" என்றாள் குட்டி. "அண்ணிக்கு ஒண்ணு வந்திருந்துச்சு. எனக்கு வேற ஒண்ணு வந்திருந்துச்சு. எதுக்கு வம்புன்னு நடுவுல வச்சுட்டோம்."

"நடுவுலன்னா?"

"ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தோங்க" என்றாள் மனைவி. "யாருக்கும் மனக்கஷ்டம் வேண்டாம்னு."

எனக்கு மயக்கம் வராத குறை. காப்பியடித்திருந்தால்கூட ஒருத்தியின் எண்ணாவது உண்மையாக இருந்திருக்கும். மின்விசிறிக்கு மூன்றரை என்று ஒரு எண் இருந்தால் நன்றாக இருக்குமே என்று நான் ஒருநாள் வாய்தவறிச் சொன்னதற்கு என்மேல் பாய்ந்தவர்கள் இவர்கள். வாழ்க்கையில் எந்த இடத்திலும் நடுவுக்கு வராதவர்கள், வரவே கூடாத இடத்தில் கைகோத்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறார்கள்.

"இது என்ன பங்காளிச் சண்டையா, நடுவுல கோடு கிழிக்கறதுக்கு? ஒரு ஆளோட ரத்தம்!" என்று கத்தினேன்.

"நீதான அண்ணா போன மீட்டிங்ல சொன்ன, எல்லா லேபும் ஒரே குடும்பம் மாதிரி இருக்கணும்னு" என்றாள் குட்டி.

சொன்னேன்தான். அதற்குக் கைதட்டல்கூட வாங்கினேன்.

"சரி, விடு. யாருக்கு என்ன வந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க."

"எனக்குத்தான் கம்மியா வந்துச்சு" என்றாள் குட்டி.

"இல்லங்க, எனக்கு" என்றாள் மனைவி, அதே மூச்சில்.

"அண்ணி, சும்மா இருங்க. என் மெஷின் லட்சணம் ஊருக்கே தெரியும்."

"உன் மெஷின் கிழடுதான். ஆனா பொய் சொல்லாது."

"அண்ணா, அவங்க எனக்காக சொல்றாங்க. நான் கான்ட்ராக்ட்ல இருக்கேன்ல, எனக்கு ஏதாவது ஆயிடும்னு பயப்படறாங்க."

"நீ மட்டும் என்னவாம்? என் லேப் பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான இப்ப குதிக்கற."

தலையணை உறைக்குப் போடுகிற அதே மும்முரத்தோடு தப்பு யாருடையது என்பதற்கும் அடித்துக்கொண்டார்கள். இரண்டு பேருமே தனக்கு வேண்டும் என்றார்கள். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியிருந்தது. ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இத்தனை வருஷமாக இவர்கள் எலியும் பூனையும் என்று நம்பி நான் ஒரு கட்சியிலும் சேராமல் இருந்துவிட்டேன்.

"போதும், நிறுத்துங்க" என்றேன். "இது உங்க ரெண்டு பேர் விஷயம் இல்ல. உங்கள்ல ஒருத்தரோட லேப், கெட்டுப்போன கிட்னிய நல்ல கிட்னின்னு எழுதிக் குடுத்துக்கிட்டு இருக்கு. எவ்வளவு நாளா நடக்குதுன்னு தெரியல. அதை நம்பி எவனோ ஒருத்தன் இன்னிக்கும் மருந்த முழுங்கிக்கிட்டு இருப்பான்."

அப்போது முன்னறையிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "அம்மாடி, கால் விண்ணு விண்ணுங்குது. அந்த மாத்திரைய எடுத்தா. ஒரு எட்டு கடைத்தெருப் பக்கம் போயிட்டு வந்துடறேன்."

மருமகளைத்தான் கூப்பிட்டார். மாத்திரை எடுத்துக் கொடுப்பது எப்போதும் அவள்தான். பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டாள். வாசற்படிவரை போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். பாதி மடித்த துண்டு கையில் தொங்கியது. திரும்பி என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"எனக்கு ஒண்ணு புள்ளி நாலு வந்துச்சுங்க" என்றாள். "குட்டிக்கு ரெண்டு."

"அண்ணி..."

"அங்க உங்கப்பா மாத்திரை கேக்கறாரு, குட்டி. இனிமே பொய் வேண்டாம்."

சீசாவில் இரண்டு இருந்ததை அவளுடைய மெஷின் ஒன்று புள்ளி நாலு என்று சொல்லியிருக்கிறது. அப்படியானால் அப்பாவின் ஒன்று புள்ளி இரண்டு உண்மையில் எவ்வளவு? கணக்கு மூன்று பேருக்கும் தெரியும். குட்டி போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

மனைவி வெறுங்கையோடு முன்னறைக்குப் போனாள்.

"மாமா, இன்னிக்கு மாத்திரை வேண்டாம்."

"ஏம்மா? தீந்துபோச்சா?"

"தீரல. நாளைக்கு இன்னொரு தடவ ரத்தம் பாத்துட்டு சொல்றேன்."

"இப்பத்தானம்மா பாத்த. நல்லா இருக்குன்னு நீதான சொன்ன?"

அவள் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து அவர் காலுக்கு ஒத்தடம் கொடுக்க உட்கார்ந்தாள். அவர் அன்றைக்குக் கடைத்தெருவுக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை குட்டி தன் ஆய்வகத்தில் அப்பாவின் ரத்தத்தைப் போட்டுவிட்டு, ஒரு கைப்பெட்டியோடு நேராக எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். நடைபாதைக் கோடியில் இருக்கிறது அந்த ஆய்வகம். எக்ஸ்ரே அறையைத் தாண்டினால் ஒரு சறுக்கு ஜன்னல். அதற்கு வெளியே ஒரு நீள பெஞ்ச். ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே நாங்கள் மூன்று பேரும் சல்லடை போட்டுத் தேடினோம். மெஷினில் குற்றமில்லை. வெப்பமானி சரியாக இருந்தது. என்னைக் குழப்பியது கன்ட்ரோல்தான். அன்று காலையும் போட்டார்கள், கனகச்சிதமாக வந்தது. மெஷின் குறைத்துச் சொல்கிறதென்றால் அது இதையும் குறைத்துத்தானே சொல்ல வேண்டும்?

மனைவி குளிர்பதனப் பெட்டியைத் திறந்து வெகுநேரம் நின்றாள். பிறகு இரண்டு குட்டிச் சீசாக்களை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஏங்க, இது குறைஞ்சிருக்கு."

"எடுத்திருப்பீங்க."

"எடுத்ததுக்கு மேல குறைஞ்சிருக்கு."

அங்கே பிடிபட்டது. ஒரு சீசா மெஷினுக்கு அளவு கற்றுக்கொடுக்கிற திரவம். இன்னொன்று கன்ட்ரோல். திறந்து கரைத்தால் கொஞ்ச நாளில் கொட்டிவிட வேண்டிய சமாச்சாரங்கள். ஆனால் புதுச் சரக்கு எப்போது வரும் என்று எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாது. என் மனைவியோ பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்ளே வழித்து எடுக்கிறவள். சரக்கு வருகிறவரை வரட்டும் என்று ஒவ்வொரு சீசாவையும் இழுத்துப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறாள். திறந்து திறந்து மூடியதில் மூடிகள் லொடலொடத்துப்போய், உள்ளே இருந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியிருக்கிறது. திரவம் கெட்டியாகியிருக்கிறது. அந்தக் கெட்டியைப் பழைய அளவு என்றே நம்பிப் பாடம் கற்ற மெஷின் நோயாளிகளின் ரத்தத்தையெல்லாம் குறைத்துக் காட்டியிருக்கிறது. அதைக் காட்டிக்கொடுக்க வேண்டிய கன்ட்ரோலும் பக்கத்திலேயே இருந்து அதே அளவுக்கு வற்றியிருக்கிறது. ஆகவே காலைதோறும் எல்லாம் சரி. வெளியிலிருந்து வந்த ஒரு சீசாவால் மட்டும்தான் இதைக் கண்டுபிடித்திருக்க முடியும். கண்டுபிடித்தும்விட்டது. அதைத்தான் இவர்கள் கூட்டி இரண்டால் வகுத்துவிட்டார்கள்.

குட்டி கைப்பெட்டியில் கொண்டுவந்திருந்த புது சீசாக்களை உடைத்துக் கரைத்து, மெஷினுக்கு மறுபடி பாடம் சொல்லி, பரீட்சைத் திரவத்தில் மிச்சம் இருந்ததைப் போட்டோம். இரண்டு என்று வந்தது. மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு சொட்டு வீணாக்காம பாத்துக்கிட்டேன்" என்றாள். "நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணேன்."

நான் அவள் தோளில் கை வைத்தேன். என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. எனக்கு அவளைத் திட்ட வேண்டும்போலவே இல்லை. குட்டியைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"சரியான விடைய கையில வச்சுக்கிட்டு எப்படிடி தப்பா அனுப்ப மனசு வந்துச்சு உனக்கு?"

"அண்ணி மட்டும் தனியா தப்பா நிக்க வேண்டாம்னு தோணுச்சு அண்ணா" என்றாள். "கூட நானும் நின்னா அவ்வளவா தெரியாதுல்ல."

அவளை நான் என்னவென்று சொல்ல? என் தங்கை என்றுதான் சொல்ல முடிந்தது.

பிறகு அலுவலக முறைப்படி கடிதம். என் மனைவியின் ஆய்வகம் மறு உத்தரவு வரும்வரை அந்தச் சோதனையைச் செய்யக் கூடாது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குத் தட்டச்சு ஒற்றை விரலில்தான் வரும். "தள்ளுங்க" என்று என்னை நகர்த்திவிட்டு மனைவியே உட்கார்ந்து தட்டினாள். 'சிறு கவனக்குறைவு' என்று நான் சொன்ன இடத்தில் 'சிறு' என்பதை எடுத்துவிட்டாள். 'வருங்காலத்தில் தவிர்க்கப்படலாம்' என்பதைத் 'தவிர்க்கப்பட வேண்டும்' ஆக்கினாள். என் மனைவியைக் கண்டித்து நான் அனுப்பிய கடிதத்தில் காரமான வரிகள் எல்லாம் என் மனைவி எழுதியவை. குட்டிக்குப் போன கடிதத்தில் மட்டும் எதையோ நயமாக்கப் பார்த்தாள், நான் விடவில்லை.

கடிதத்தைவிடக் கஷ்டமானது பெஞ்ச். அந்த ஜன்னலில் எண் வாங்கிப்போனவர்களையெல்லாம் திரும்பக் கூப்பிட வேண்டும். ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர், "மெஷின் சர்வீஸ்னு சொல்லி ஒவ்வொருத்தரா கூப்பிட்டு மறுபடி பாத்துடலாமே, எதுக்கு ஊரைக் கூட்டணும்?" என்றார். நல்ல மனுஷர்தான். மனைவி கேட்கவில்லை. போனில் உண்மையைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். வந்தவர்கள் பெஞ்ச் நிறைய உட்கார்ந்து, மிச்சம் பேர் சுவரோரம் நின்றார்கள். அவள் ஜன்னலுக்கு உள்ளே இருந்து பேசாமல் கதவைத் திறந்து நடைபாதைக்கு வந்தாள்.

"நாங்க குடுத்த எண் தப்பு" என்றாள். "தப்பு எங்களோடது. இன்னிக்கு மறுபடி ரத்தம் எடுக்கறோம். பக்கத்து ஊர் லேப்ல பாத்துட்டுத்தான் எண் குடுப்போம்."

ஒரு லாரி டிரைவர் வாய்க்கு வந்தபடி பேசினார். நியாயமான பேச்சு. அவள் தலையைக் குனிந்துகொள்ளவும் இல்லை, பதில் பேசவும் இல்லை. ஒரு தையல்கார அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப என் கிட்னி போயிடுச்சா?" என்று கேட்டாள். "தெரியாதும்மா. சாயங்காலம் தெரியும். தெரிஞ்சத அப்படியே சொல்றேன்" என்றாள் இவள். அந்த வாரம் முழுக்க இப்படியே போயிற்று. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இல்லை. சிலருக்கு மருந்தை மாற்ற வேண்டியிருந்தது. இரண்டொருவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்தப் பெயர்களைச் சொல்லும்போது அவள் குரல் உள்ளே போய்விடும்.

அப்பாவின் எண் திங்கட்கிழமையே வந்துவிட்டது. ஒன்று புள்ளி எட்டு. குட்டி ஒன்றுக்கு இரண்டு தடவை போட்டுப் பார்த்திருந்தாள். டாக்டர் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கைமீறிப் போய்விடவில்லை, இந்த அளவிலேயே பிடித்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த மாத்திரையை இனி கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்றார். அதைவிட்டால் அந்தக் காலுக்கு அவ்வளவு கேட்கிற மருந்து வேறு இல்லை என்றும் சொன்னார்.

யார் அப்பாவிடம் சொல்வது என்று வாசலில் நின்று பேசிக்கொண்டோம். நான் சொல்கிறேன் என்றேன். நான்தான் மகள், நான் சொல்கிறேன் என்றாள் குட்டி.

"நல்லா இருக்குன்னு சொன்னது நான்" என்றாள் மனைவி. "நல்லா இல்லன்னும் நான்தான் சொல்லணும்."

சாயங்கால வெயில் முன்னறைத் தரையில் விழுந்திருந்தது. அப்பா ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் போய் அவர் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் கதவுக்குப் பக்கத்தில் நின்றோம்.

"மாமா, எண் ஏறியிருக்கு. ஒண்ணு புள்ளி எட்டு."

"அதுக்குள்ளயா? எப்படிம்மா?"

"அதுக்குள்ள இல்ல மாமா. ரொம்ப நாளா ஏறித்தான் இருந்திருக்கு. என் லேப்தான் தப்பா சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் ஒவ்வொரு மாசமும் நல்லா இருக்குன்னு சொல்லிச் சொல்லி உங்களுக்கு அந்த மாத்திரையக் குடுத்துக்கிட்டு இருந்தேன். இனிமே அது கிடையாது. உங்க கால் வலிக்கும் மாமா."

அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு அவரைத் தெரியும். மருமகள் என்றால் அவருக்கு உயிர். 'போனாப் போவுது விடும்மா' என்று சொல்லிவிடுவார், அவளும் கொஞ்சம் அழுது தீர்த்துக்கொள்வாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"கோவம் வருதும்மா" என்றார்.

"வரட்டும் மாமா."

"நெறைய வருது."

அவள் கண்ணிலிருந்து கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. எழுந்து போகவும் இல்லை. குட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

"அந்தக் கடைத்தெரு வரைக்கும் நடந்து போயிட்டு வர்றேன் பாரு, அது ஒண்ணுதாம்மா எனக்கு இருந்துச்சு" என்றார் அப்பா. "அதையும் இப்ப விடணும்."

"ஆமா மாமா."

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் அதன் சத்தம் தேய்கிறவரை தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த மாசம் என்னிக்கு வரணும்?" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. "எங்க மாமா?"

"ரத்தம் குடுக்கத்தான். உன் லேபுக்கு."

"குட்டியோட லேபுக்குப் போங்க மாமா. அங்கதான் சரியா இருக்கு. என்னோடதுல இந்த டெஸ்ட இன்னும் போடவே விடல. நீங்க என்னை நம்ப வேண்டாம்."

"விடறப்ப சொல்லு. அதுவரைக்கும் அவகிட்ட போறேன்" என்றார். "நல்லா இருக்குன்னு யார் வேணா சொல்லிடலாம்மா. தப்பு என்னோடதுன்னு எதிர்ல வந்து உக்காந்து சொல்றியே, எனக்கு அந்த ஆள்தான் வேணும். ஆனா ஒண்ணு, கோவத்தோடயேதான் வருவேன். சிரிச்சுப் பேசுவேன்னு எதிர்பாக்காத."

"வாங்க மாமா" என்றாள் அவள், அழுதுகொண்டே. "கோவத்தோடயே வாங்க."